ஜீப்பின் டீசல் எங்கே போனது?

ஊட்டியிலிருந்து மஞ்சூருக்கு வாரம் இரண்டு நடை போகும் என் பழைய டீசல் ஜீப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று 7க்கு இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அது பெரிய செலவு. முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தேன். எஸ்டேட் சாலைப் புழுதி அப்பிக் கிடந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியே குறைவு. அதையும் அடைத்தால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகத்தான் போகும். மாற்றியதும் புகை நின்றது, ஆனால் மைலேஜ் 8தான்.

அப்புறம் சமதளத்தில் நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பார்த்தேன். அசைய மறுத்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம் அருகிலும், தொடாமல், கையைக் கொண்டுபோனேன். பின்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் அடுப்பு மாதிரி அனல். கழற்றினால், பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகி, பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. டிரம்மின் ஓரமெல்லாம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

சிலிண்டரை மாற்றி, டயர்களுக்குக் காற்றும் சரியாக அடித்தேன். டாங்கை நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் இப்போது 10.5. இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுப்பதும் போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.