விசைப்பலகை விளக்குகளுக்கு நிறம் அமைக்கும்போது

விசைப்பலகையை இயக்கும் மென்பொருளான க்யூஎம்கே (QMK) ஃபர்ம்வேரில், சிவப்பு, பச்சை, நீலம் கலந்து ஒளிரும் ஆர்ஜிபி விளக்குகளுக்கு நிறம் குறிக்கும்போது, வண்ணச் சக்கரத்தின் 360 பாகையும் அங்கே 0 முதல் 255 வரையிலான எண்களாகச் சுருக்கப்பட்டிருப்பதை மறந்துவிடக் கூடாது; பச்சைக்கு அதன் பாகையான 120-ஐ அப்படியே எழுதினால் நீலம் கலந்த பச்சைதான் ஒளிரும், 85 என்று எழுதினால்தான் தூய பச்சை கிடைக்கும்.

லேயர் (விசைகளுக்கு வேறு வேலைகளைத் தரும் அடுக்கு) மாறும்போதெல்லாம் நிறமும் மாற வேண்டும் என்று விரும்புவோர், பெயரின் இறுதியில் 'நோஈஈப்ராம்' (noeeprom) என்று முடியும் ஃபங்ஷனையே பயன்படுத்துவது நல்லது. அந்த ஒட்டு இல்லாத ஃபங்ஷன் ஒவ்வொரு மாற்றத்தையும் நிலைநினைவகத்தில் பதிந்து வைக்கும் என்பதால், இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்புள்ள அந்த நினைவகம் வீணாகத் தேயும்.

கேப்ஸ் லாக் விசையை மட்டும் சிவப்பாக்கப் புதிய எஃபெக்ட் (விளக்குகள் காட்டும் ஒளிக்கோலம்) எதுவும் எழுத வேண்டியதில்லை. எஃபெக்ட் வரைந்த பிறகு இயங்கும் 'இண்டிகேட்டர்ஸ்' ஃபங்ஷனில், கேப்ஸ் லாக் இயங்குகிறதா என்று சோதித்து, அவ்விசையின் விளக்கு எண்ணுக்குச் சிவப்பைக் கொடுத்தால் போதும்.