புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்: பிளஸ் டூ தேர்வுக்குப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

ஒவ்வொரு வருடமும் திருப்புதல் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிள்ளையாவது கண்கலங்கிச் சொல்வதைக் கேட்கிறேன்: "எல்லாம் படிச்சேன் மிஸ், ஹால்ல வரல." அது பொய் இல்லை, அந்தப் பிள்ளை உண்மையாகவே படித்திருக்கும். ராத்திரி பதினோரு மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். உழைப்பு இருந்தும் மதிப்பெண் வராமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதனால் இயற்பியல் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, வாசிப்பதையே படிப்பு என்று நினைப்பது. ஒரு பாடத்தை மூன்றாவது முறை புரட்டும்போது பக்கம் பழகிவிடுகிறது. படம் எங்கே இருக்கிறது, சமன்பாடு எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும். "இது எனக்குத் தெரியும்" என்று மனசு நம்பிவிடும். காஸ் விதியைப் பயன்படுத்தி முடிவிலா நீளமுள்ள கம்பியின் மின்புலம் காணும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டலாம். புத்தகத்தை மூடிவிட்டு, உருளையின் மேல், கீழ்ப் பரப்புகள் வழியாகப் பாயம் ஏன் சுழி என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பேனா நின்றுவிடும். தேர்வறையில் இருக்கப்போவது மூடிய புத்தகம்தானே?

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். படித்து முடித்த ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், அடுத்த வாரத் தேர்வில் மறந்துபோவதும் ஏன் என்பது இதிலேயே புரிகிறது.

அதனால் ஒரு பக்கம் படித்ததும் மூடுங்கள். ரஃப் நோட்டில் எழுதுங்கள். எழுத வராது, எரிச்சலாக இருக்கும், திறந்து பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து, வந்தவரை எழுதிவிட்டு, அப்புறம் திறந்து வேறு நிற மையில் திருத்துங்கள். விட்டதை மட்டும் ஒரு தனி நோட்டில், "தவறு நோட்டு" என்று பெயர் போட்டு, குறித்து வையுங்கள். மூன்று நாள் கழித்து அந்த நோட்டிலிருந்து மறுபடியும் பார்க்காமல் எழுதுங்கள். வேகம் குறைவாகத்தான் இருக்கும். பத்துப் பக்கம் படித்த இடத்தில் மூன்று பக்கம்தான் முடியும், ஆனால் அந்த மூன்று பக்கம் உங்களோடு ஹாலுக்கு வரும்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வரும் "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்" பட்டியலை நம்பிப் பாடங்களை விட்டுவிடுவது. இயற்பியல் தாளின் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மார்க் 15, இரண்டு மார்க்கில் 9-இல் 6, மூன்று மார்க்கில் 9-இல் 6, ஐந்து மார்க் 5. சாய்ஸ் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் ஒவ்வொரு வினா கட்டாயம். அது பெரும்பாலும் கணக்காகவே வரும். கணக்கே போடாமல் வந்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மார்க்கும் அப்படித்தான். புக் பேக், அதாவது பாடத்தின் முடிவில் உள்ள வினாக்கள், மட்டும் போதும் என்ற காலம் போய்விட்டது, பாடத்தின் உள்ளிருந்தும் கேட்கிறார்கள். பட்டியல் கடைசி நாள் திருப்புதலுக்கு உதவும். அதை வைத்துப் பாடத்தைத் தொடங்கக் கூடாது.

நேரம் வைத்து எழுதிப் பழகாததும் நிறைய மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. கணிதத்தில் இதை அதிகம் பார்க்கலாம். 90 மதிப்பெண்ணில் 35 ஐந்து மார்க் கணக்குகளுக்குப் போகிறது. மொத்தம் 7 கணக்கு. எல்லாம் தெரிந்த பிள்ளைகூட முதல் இரண்டு பகுதிகளில் நேரத்தைக் கொட்டிவிட்டுக் கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு முந்தைய ஆண்டு வினாத்தாளை எடுத்து உட்காருங்கள். முதல் பதினைந்து நிமிடத்தில் வினாத்தாளைப் படியுங்கள், பிறகு ஒன்றேகால் வரை எழுதுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். வீட்டில் அந்த மூன்றேகால் மணி நேரம் யாரும் கூப்பிட வேண்டாம் என்று அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழுதிய தாளை நீங்களே விடைக்குறிப்பு வைத்துத் திருத்துங்கள். இதைச் செய்யாததால் போகும் மதிப்பெண்கள்தான் என்னை அதிகம் வாட்டுகின்றன. ஒரு மார்க்கில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று தவறினால் மதிப்பெண் கிடையாது. "ஆ" என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரத்தில் "அ" போட்டுவிட்டு, விடையைச் சரியாக எழுதி மார்க்கை இழந்தவர்கள் உண்டு. கணக்கில் சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று மதிப்பெண் பிரிந்து வருகிறது. விடை வராவிட்டாலும் சூத்திரத்தை எழுதி, மதிப்புகளைப் பிரதியிட்டுவிட்டு வாருங்கள்.

கல்லூரிச் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணில் வராது என்று தமிழையும் ஆங்கிலத்தையும் ஓரம் கட்டுவதும் உண்டு. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான், சரி. ஆனால் 600-இல் 200 இந்த இரண்டு பாடங்கள், அதிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தினமும் அரை மணி நேரம் போதும்: மனப்பாடப் பாடல், குறள், இலக்கணம்.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். பரீட்சைக்கு முந்தைய இரவு விழித்திருந்து புதிய பாடம் தொடங்குபவர்கள், ஏற்கெனவே படித்ததையும் தடுமாறி எழுதிவிட்டு வருகிறார்கள். பெற்றோர்களே, பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் வாசலிலேயே நின்று "உனக்கு எட்டாவதுக்கு என்ன வந்துச்சு?" என்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கொடுத்த தாளை இனி திருத்த முடியாது. வினாத்தாளைப் பையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுங்கள். எழுந்ததும் அடுத்த பாடத்தின் தவறு நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.