‘டேபிள்’ செய்யப்பட்ட தீர்மானம் எங்கே போனது? – என் அனுபவம்

வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் கூட்டக் குறிப்பை மொழிபெயர்த்தபோது, ஒரு தீர்மானம் ‘டேபிள்’ செய்யப்பட்டதாக எழுதியிருந்தும், அதன் மீதான விவாதமோ வாக்கெடுப்போ அடுத்த பக்கங்களில் எங்குமே இல்லை. மக்களவையில் மசோதா ‘டேபிள்’ செய்யப்பட்டது என்று நம் ஆங்கில நாளிதழ்கள் எழுதுவது அவையின் முன் வைக்கப்பட்டது என்ற பொருளில்தான் என்பதால், ஏதோ ஒரு பக்கம் விடுபட்டிருக்கும் என்று கோப்பை மறுபடி வாங்கிச் சரிபார்த்தேன். பக்க எண்கள் ஒழுங்காகவே இருந்தன. கையடக்க ஆங்கில–தமிழ் அகராதியோ ‘மேசை’யோடு நின்றுவிட்டது.

பெரிய அகராதி ஒன்றில் வினைச்சொல்லுக்கான பகுதியைப் பார்த்த பிறகே சிக்கல் அவிழ்ந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பொருள்கள் அங்கே இருந்தன: பிரிட்டிஷ் வழக்கில் விவாதத்துக்கு முன்வைத்தல், அமெரிக்க வழக்கில் தள்ளிவைத்தல். பொருளுக்கு முன்னால் சாய்வெழுத்தில் இருக்கும் அந்த வட்டாரக் குறிப்பைப் பலரும் படிப்பதே இல்லை. ‘கலர்’ என்பதில் ‘யூ’ எழுத்து இல்லாததும், தேதிகளில் மாதம் முதலில் வந்ததும் என் கையிலிருந்தது அமெரிக்க ஆவணம் என்பதை உறுதிசெய்தன. (இரண்டாம் உலகப் போரின்போது இதே சொல்லை வைத்து பிரிட்டிஷ், அமெரிக்கப் படை அதிகாரிகள் நெடுநேரம் வாதிட்டதையும், இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்பதையும் சர்ச்சில் பதிவுசெய்திருக்கிறார்.)

‘தள்ளிவைக்கப்பட்டது’ என்று திருத்தியதும் குறிப்பு முழுவதும் பொருந்திவந்தது, பெரிய நிம்மதி. அடுத்த மாதக் குறிப்பில் அதே தீர்மானம் மீண்டும் எடுக்கப்பட்டு, வாக்கெடுப்பும் நடந்திருந்தது.