கண்ணாடிக் கதவுக்குச் சாவிப் பூட்டு: டிரில்லைக் கீழே வையுங்கள்

தெரிந்தவர் ஒருவர் ஸ்லைடிங் கண்ணாடிக் கதவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய ஹேண்டிலைக் கழற்றிவிட்டார், சாவியோடு வாங்கிய புதியது பொருந்தவில்லை, கையில் டிரில். பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கோலத்தில் நானும் உட்கார்ந்தவன்தான்.

இந்த வேலையில் செய்யக்கூடாத தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். ஸ்க்ரூவைத் தொலைப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே சரியாகிவிடும்.

அழகைப் பார்த்து ஹேண்டில் வாங்குவது

ஹேண்டில் என்பது வெறும் முகமூடி. நிஜப் பூட்டு, கதவின் செங்குத்துச் சட்டத்துக்குள் புதைந்திருக்கும் மார்ட்டைஸ் லாக். அதில் ஒரு சிறிய பிளவு இருக்கும். உள்ளே இருக்கும் குமிழாகட்டும், வெளியே சாவி நுழையும் சிலிண்டராகட்டும், ஒரு தட்டைக் கம்பியை அந்தப் பிளவில் நுழைத்துத்தான், எதிர்ச்சட்டத்தில் மாட்டிக் கதவைப் பூட்டும் கொக்கியை அசைக்கின்றன. புதிய ஹேண்டில் இந்தப் பூட்டுக்குப் பொருந்த வேண்டும்.

ஸ்க்ரூ துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும் என்று நினைத்தேன். 100 மி.மீ., 168 மி.மீ. இரண்டும் அடிக்கடி கண்ணில் படுகிற அளவுகள். என்னுடையது 100. பெட்டியிலும் 100. சந்தோஷமாக வாங்கி வந்தேன். மேல் துளையிலிருந்து பிளவு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கவில்லை. சில கதவுகளில் அது நட்டநடுவில் இருக்கும், சிலவற்றில் விலகி இருக்கும். எனக்கு ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது. சிலிண்டர் ஓரிடம், பிளவு வேறிடம்.

“ஒரு துளைதானே” என்று சட்டத்தில் டிரில்லை வைத்தேன். கண்ணாடியின் ஓரம் சட்டத்துக்குள் எவ்வளவு தூரம் செருகியிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அலுமினியத் துருவல் சுருள் சுருளாக வந்தது, பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். கதவு முழுக்க ஒரே நொடியில் வெளுத்து, கற்கண்டுபோலப் பொலபொலவென்று கொட்டியது.

டஃப்பன்டு கண்ணாடி அப்படித்தான். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் உறைந்துவிடும். நடுப்பரப்பில் அடித்தால் தாங்கும். விளிம்பில் ஆழமாகக் கீறினால், அடக்கி வைத்திருந்த விசை மொத்தமாக வெடித்துக் கிளம்பும். அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்த பணத்தில் எத்தனையோ ஹேண்டில்கள் வாங்கியிருக்கலாம். அளவு டேப் அப்போது என் சட்டைப்பையிலேயே இருந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகவே துளை இடைவெளி, பிளவு இருக்கும் இடம், கதவின் தடிமன், பிளவு நிற்கும் கோணம், நான்கையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் பழைய ஹேண்டிலையே கையில் எடுத்துப் போங்கள். சட்டத்தில் சிலிண்டருக்கான துளையே இல்லையென்றால், கண்ணாடியைக் கழற்றி வேலை செய்யத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கம்பியை ஒரேயடியாக வெட்டுவது

தடித்த கதவுக்கும் எட்டட்டும் என்று தட்டைக் கம்பியை நீளமாகவே விட்டிருப்பார்கள். நீளம் மிஞ்சினால் ஹேண்டில் கதவோடு ஒட்டாது. அதற்காக ஆத்திரப்பட்டு வெட்டினால் சாவி சும்மா சுற்றும், கொக்கி அசையாது. கொஞ்சம் வெட்டு, மாட்டிப் பார், மறுபடி வெட்டு.

கதவை மூடிவிட்டுச் சாவியைச் சோதிப்பது

நீங்கள் வெளியே, போன் உள்ளே.

திறந்த கதவில் பத்துமுறை திருப்பிப் பாருங்கள். கொக்கி வெளியே நீட்டியிருக்கும்போது மட்டும் கதவைத் தள்ளிச் சாத்தாதீர்கள், கொக்கி உடையும்.

மெஷினால் ஸ்க்ரூ முறுக்குவது

வேண்டாம். கை போதும்.

சாவித் துளையில் எண்ணெய்

தூசியை இழுக்கும். கிராஃபைட் தூள் போடுங்கள்.

கொக்கி மாட்டவில்லை என்று பூட்டைத் திட்டுவது

பெரும்பாலும் கதவுதான் இறங்கியிருக்கும். அடியில், ரோலரை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு, எதிர்ச்சட்டத்தில் கொக்கி விழும் தகட்டை மேலே கீழே நகர்த்துங்கள். அதன் துளைகள் நீளவாக்கில் இருப்பதே அதற்காகத்தான்.

சாவி வந்ததும் நிம்மதியாவது

கதவைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்காக மேலே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். ஏற்ற முடிந்ததைத் தூக்கவும் முடியும். அந்தத் தெரிந்தவர் டிரில்லை வைத்துவிட்டு, அளந்து, ஹேண்டிலை மாற்றி வாங்கி வந்து மாட்டினார். பூட்டிவிட்டுக் கதவைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கொக்கி நழுவுகிற அளவுக்கு மேலே போனது. மேல் தண்டவாளத்துக்குள், கதவு உரசாமல் ஓடும் அளவுக்கு இரண்டு ஸ்க்ரூக்களைத் தலை தொங்க இறக்கினோம். அதற்கப்புறம் கதவு எழும்பவில்லை.