பழைய பிக்கப்புக்கு யூ.ஜே. கிராஸ் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப்பை வாங்கித் தாமே சீர்செய்ய இறங்குகிறவர்கள் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு வந்ததும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: அதன் முனையில் இருக்கும் யூ.ஜே. கிராஸ். கிராஸ் என்பது கூட்டல் குறி வடிவ இரும்புத் துண்டு. அதன் நான்கு முனையிலும் ஊசி ரோலர் நிறைந்த மூடிதான் கப், கப் உட்காரும் கவட்டை யோக், கப் நழுவாமல் பிடிக்கும் வளையம் லாக். வண்டி மாறுகிறது, ஆள் மாறுகிறார், தவறு மட்டும் மாறுவதில்லை. இந்த வேலையில் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் செய்தவைதான் இவை. சக்கரத்துக்குக் கட்டை வை, ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகாதே போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது தெரியாதவர் ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம்.

மாடலும் ஆண்டும் சொல்லி வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேட்டலாக் என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று வண்டியில் என்ன இருந்தது என்பதற்கான பட்டியல். அதற்குப் பிறகு 30, 40 வருடம் ஓடிய வண்டி அது. நடுவில் யாரோ கியர் பாக்ஸை மாற்றியிருப்பார், யாரோ கனரகமான பின் ஆக்ஸில் போட்டிருப்பார், இன்னொருவர் வேறொரு வண்டியின் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டியிருப்பார். இதெல்லாம் நடக்காத வண்டியில்கூட, ஒரே மாடலில், ஒரே ஆண்டில், கியர் பாக்ஸுக்கும் சுமை அளவுக்கும் ஏற்ப வேறு வேறு கிராஸ் வந்திருக்கும்.

அமெரிக்கப் பிக்கப்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஸ்பைசர் என்ற உதிரிபாகப் பிராண்டு வரிசையின் மூன்று எண்கள்: 1310, 1330, 1350. 1310-இல் கப்பின் விட்டம் 27 மி.மீ., கப் முனையிலிருந்து எதிர்க் கப் முனை வரை அகலம் 81.8 மி.மீ. 1330-இல் கப் அதே 27 மி.மீ., அகலம் மட்டும் 92.1. 1350-இல் அகலம் அதே 92.1, கப் மட்டும் 30.2. அதாவது முதல் இரண்டுக்கும் கப் ஒன்று, பின் இரண்டுக்கும் அகலம் ஒன்று. ஏதாவது ஒரு அளவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டினான். மாடலைச் சொன்னான், 1310 கொடுத்தார்கள். ஷாஃப்ட் பக்க யோக்கில் அழகாக உட்கார்ந்து லாக்கும் விழுந்தது. பின் ஆக்ஸிலின் டிஃபரென்ஷியல் பக்கம் பாதி வட்ட யோக், யூ போல்ட் போட்டு இறுக்குகிற வகை. அங்கேயும் கப் கச்சிதமாகப் படிந்தது. பிறகென்ன, இறுக்கிவிட்டு ஓட்டக் கிளம்பிவிட்டான். கொஞ்சம் வேகம் எடுத்ததுமே வண்டி முழுக்க அதிர்வு. சக்கரத்தை பேலன்ஸ் செய்தான். சென்டர் பேரிங்கை மாற்றினான். ஷாஃப்ட்டைக் கழற்றி பேலன்ஸிங்குக்கு அனுப்பினான். குறையே இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டான்.

அடியில் படுத்து ஷாஃப்ட்டின் பின்முனையைக் கையால் பக்கவாட்டில் தள்ளினேன். டக்கென்று நகர்ந்தது. "கப் கரெக்டா உட்கார்ந்துச்சேண்ணே" என்றான். உட்கார்ந்ததுதான். ஆனால் அந்த வகை யோக்கின் இரண்டு ஓரத்திலும் கப் வெளியே நகராமல் தடுக்கச் சின்ன மேடு ஒன்று இருக்கும். கப்பின் முனை அதில் முட்டி நிற்க வேண்டும். இவன் வண்டியில் கப்புக்கும் மேட்டுக்கும் நடுவே பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி. முன்னால் வைத்திருந்தவர் பின் ஆக்ஸிலை மாற்றியிருக்கிறார். அதன் யோக் 1330. ஷாஃப்ட் மட்டும் பழைய 1310. கிராஸ் நடுவில் நிற்க வழியே இல்லாமல் இங்கும் அங்கும் ஆடியபடி சுற்றியிருக்கிறது.

அதற்குள் கப் உரசி உரசி பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் சுழற்சியைக் கொடுக்கும் பற்சக்கரம்) யோக்கின் இருக்கை தேய்ந்துவிட்டது. அந்த யோக்கை மாற்ற வேண்டுமென்றால் பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். அதைத் தொட்டால் பேரிங் ப்ரீலோடு (பேரிங்கின் ஆரம்ப இறுக்கம்), ஆயில் சீல் என்று டிஃபரென்ஷியல் வேலை தொடங்கிவிடும். ஒரு கிராஸில் முடிய வேண்டியது எங்கே போய் நின்றது பாருங்கள். அவனுக்குத் தேவைப்பட்டது கலப்புக் கிராஸ். ஒரு குறுக்கில், அதாவது எதிரெதிர் இரண்டு கப்பில், 1310 அளவு, மறு குறுக்கில் 1330 அளவு என்று ஒரே துண்டாகவே தயாராகி வருகிறது. இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாததால்தான் பலர் லாக்கை அரைப்பதும், வாஷர் வைப்பதும், உச்சக்கட்டமாக கப்பை வெல்டிங் வைப்பதும் நடக்கிறது. வெல்டிங் வைத்த கப்பைப் பார்த்தால் அந்த யோக்கையும் சேர்த்து மாற்றுவதாக முடிவெடுத்துவிடுங்கள்.

சரி, எப்படி அளப்பது? டேப் வேண்டாம், வெர்னியர் காலிப்பர் எடுங்கள். நான்கு கப்பின் விட்டத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் சில ஃபோர்டு பிக்கப்களில் வரும் 1330-இல் இரண்டு கப் 27 மி.மீ., மற்ற இரண்டும் 28.6. அப்புறம் அகலத்தை இரண்டு குறுக்கிலும் அளந்து கொள்ளுங்கள். இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். கழற்றிய கிராஸே தவறானதாக இருக்கலாம். முன்னால் மாட்டியவரும் மாடல் சொல்லி வாங்கியவராக இருந்திருப்பார். அதனால் யோக்கையும் அளக்க வேண்டும்: துளையின் விட்டம், பாதி வட்ட யோக்காக இருந்தால் மேட்டுக்கு மேடு உள்ள தூரம். துருவைத் துடைத்துவிட்டு அளந்தாலும் கால் மணி நேரம் ஆகாது. கிராஸின் அளவும் யோக்கின் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் யோக் சொல்வதுதான் சரி.

லாக் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் விடுவது

சில கிராஸுக்கு லாக், யோக் துளையின் வெளிப்பக்கப் பள்ளத்தில் விழும். சிலவற்றில் கப்பிலேயே பள்ளம் இருக்கும். அங்கே லாக், யோக்கின் காது எனப்படும் இரண்டு கைகளின் உள்முகத்தில் அணைந்து நிற்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது. உள் லாக் வகையில் அகலத்தையும் கப் முனையில் அளக்கக் கூடாது; இரு காதுகளின் உள்முகங்களுக்கு இடையே அளக்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி என்றால் இன்னொரு குழப்பம் உண்டு. தொழிற்சாலையில் போட்ட கிராஸாக இருந்தால் லாக்கே கண்ணில் படாது. கப்பைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே செலுத்தி இறுகவிட்ட பிளாஸ்டிக். காதின் பக்கத்தில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை தெரிந்தால் அதுதான் அடையாளம். சூடு காட்டினால் பிளாஸ்டிக் உருகி அந்த ஓட்டை வழியாக வெளியே வரும், பிறகு பிரஸ்ஸில் கப் நகரும். மாற்றாக வரும் கிராஸ் உள் லாக் வகை. பழைய பிளாஸ்டிக் துணுக்கைச் சுரண்டாமல் மாட்டினால் புதுக் கப் நேராக இறங்காது.

லாக் விழவில்லை என்று ஓங்கி அடிப்பது

உள்ளே ஊசி ரோலர் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. கப்பை வெளியே எடுங்கள்.

அடையாளம் போடாமல் ஷாஃப்ட்டைக் கழற்றுவது

ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டின் இரு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று ஏறும் பல் வரிசை) ஒரு பல் தள்ளி ஏறினாலே இரு முனை யோக்கும் ஒரே வரிசையில் நிற்காது, புதுக் கிராஸ் போட்டும் அதிரும்.

பழைய யூ போல்ட்டையே மாட்டுவது

ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும். புதிதாக வாங்கிவிடுங்கள். இன்னொன்று, கை பலம் இருக்கிறதென்று முறுக்கக் கூடாது. 1310, 1330-இல் வரும் 5/16 அங்குல யூ போல்ட்டின் நட்டுக்கு 14 முதல் 17 பவுண்டு-அடி போதும், சுமார் 20 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் கப் நசுங்கி உள்ளே ரோலர் சுற்றாது. "நல்லா டைட்டா இருக்கு" என்று பெருமையாகச் சொல்லப்படும் கிராஸ்கள்தான் சீக்கிரம் சாகின்றன.

டபுள் ஜாயின்ட்டில் கிராஸை மட்டும் மாற்றுவது

நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) பக்கம் இரண்டு கிராஸ் சேர்ந்த ஜாயின்ட் வரும். அதன் நடுவில் ஒரு பந்து இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் இரண்டு புதுக் கிராஸாலும் பயனில்லை.

கிரீஸ் நிப்பிள் விஷயத்தில் அசட்டை

நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் வாய்) உள்ள கிராஸ் நல்லதா, சீல் செய்தது நல்லதா என்று கேட்பார்கள். கிரீஸ் ஏறுவதற்காக உள்ளே துளையிட்ட கிராஸ் அந்த அளவுக்கு வலிமை குறைந்ததுதான். கிரீஸ் துப்பாக்கியை எடுக்கும் பழக்கமே இல்லாதவர் சீல் செய்ததை வாங்கட்டும். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டிக்கு நிப்பிள் உள்ளதைத்தான் நான் போடுவேன். உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ள வேறு வழியில்லை. வாங்கினால், மாட்டிய பிறகு துப்பாக்கி முனை எட்டுகிற பக்கமாக நிப்பிள் இருக்கும்படி வைத்து மாட்டுங்கள். பெட்டியில் வரும்போது உள்ளே தடவியிருக்கும் கிரீஸை நம்பி ஓட்டிவிடாதீர்கள். நான்கு சீலிலும் புதுக் கிரீஸ் கசியும் வரை ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் கசியவில்லை என்றால் அந்தக் கப்பின் யூ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி மறுபடி ஏற்றிப் பாருங்கள், வந்துவிடும். அப்புறம் மறக்காமல் அதே அளவுக்கு இறுக்கிவிடுங்கள்.