சிலிண்டர் இறுகிய சிறு ரிவால்வர்: என் அனுபவம்

ஐந்து தோட்டாக்கள் கொள்ளும், புதிதாக வாங்கிய, .38 ஸ்பெஷல் ரகத் தோட்டாவுக்கான துருப்பிடிக்காத எஃகு ரிவால்வரில், சுடுதளத்தில் சில சுற்றுகள் சுட்டபின், தோட்டா அறைகள் கொண்ட உருளையான சிலிண்டர் சுழல்வது கடினமாகி, விசையை இழுக்கக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. தோட்டாக்களை அகற்றி, அறைகள் அனைத்தும் காலி என்பதை இருமுறை உறுதிசெய்த பின்னரே ஆய்வைத் தொடங்கினேன். இந்த ஒழுங்குக்கு விலக்கே கூடாது.

குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.006 அங்குலம் காட்டியதால், உரசல் அங்கில்லை என்று தெரிந்தது. வெற்றுக் கூடுகளை வெளித்தள்ளும் கம்பியின் மரையும் தளரவில்லை (பல தயாரிப்புகளில் அது இடப்புரி மரை என்பதால், இறுக்கும் திசையைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது). அக்கம்பியை அழுத்தி நட்சத்திர வடிவத் தகட்டை உயர்த்தியபோதுதான் காரணம் புலப்பட்டது: அதன் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள்கள் ஒட்டியிருந்தன. மணலளவே ஆன அத்துகள்கள் தகட்டைச் சற்றே தூக்கி, அதன்மேல் அமரும் தோட்டாக்களின் அடிப்பகுதியைத் துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு உரசவைத்துவிடுகின்றன.

நைலான் தூரிகையால் உலர்வாகவே துடைத்தேன். எண்ணெய் இட்டால் அடுத்த துகள்களை அது பிடித்துவைக்கும். சிலிண்டர் இப்போது தடையின்றிச் சுழல்கிறது. கூடுகளை வெளியேற்றும்போது குழல்வாயை மேல்நோக்கிப் பிடித்தால் துகள்கள் தகட்டின் அடியில் சேராமல் கீழே விழுந்துவிடும். சிலிண்டர் முகப்பில் படியும் கருவளையங்களோ இயக்கத்தைப் பாதிப்பதில்லை. அவற்றைத் தேய்த்து எஃகின் மெருகைக் கெடுக்க வேண்டியதில்லை.