டிசம்பர்ல பைக்ல ஊட்டி ஏறப் போறீங்களா? குளிர்ல விறைக்காம இருக்க சில விஷயம்

மார்கழி தை மாசத்துல பைக்ல ஊட்டி போறவங்க நிறைய பேரு பண்ற கூத்து என்னன்னா, மேட்டுப்பாளையத்துலயே ஸ்வெட்டரு ஜெர்கினு எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு கெளம்பிடுறது. கல்லாறு தாண்டுறதுக்குள்ள உள்ள போட்ட பனியன் வேர்வையில தொப்பலா நனைஞ்சிரும், அந்த ஈரத்தோட குன்னூர் காத்துல போனா அப்புறம் மேல எத்தன சுத்துனாலும் நடுக்கம் நிக்காது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர், ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல குறையும்னு வச்சாக்கூட ஐம்பது கிலோமீட்டர் ரோட்டுல சுமாரா 12 டிகிரி எறங்கிடுது. அதனால கீழ சாதாரணமா கெளம்புங்க, பர்லியார்ல டீ குடிக்க நிப்பாட்டுறப்ப ஒரு லேயர், குன்னூர்ல மிச்சம். ஆனா குளிர ஆரம்பிச்சப்புறம் போட்டுக்கலாம்னு இருக்காதீங்க, ஸ்வெட்டர் தானா சூடு தராது, உடம்புல இருக்குற சூட்டைப் புடிச்சு வைக்கும், அவ்ளோதான்.

அடுத்தது காத்து. பைக்ல நம்மள சாவடிக்கிறதே இதுதான். வெளிய 10 டிகிரி இருக்கு, நீங்க 60ல போறீங்கன்னா தோலுக்கு 5 டிகிரி மாதிரி தெரியும், 5 டிகிரின்னா மைனஸ் ரெண்டு மாதிரி. கம்பளி ஸ்வெட்டர் எவ்ளோ தடிமனா இருந்தாலும் பின்னல் ஓட்டை வழியா காத்து உள்ள பூந்துரும், அதுக்கு மேல காத்து புகாத துணி ஒண்ணு வேணும். காஸ்ட்லியான ரைடிங் ஜாக்கெட் இல்லயா, கவலையே வேணாம், மழைக்கு வச்சிருக்குற ரெயின்கோட்டை மேல போடுங்க, பேன்ட்டும் சேத்து, ஏன்னா ஜீன்ஸ் முட்டிக்கிட்ட காத்தைத் தடுக்கவே தடுக்காது. ரொம்ப முடியலன்னா பழைய நியூஸ்பேப்பரை நெஞ்சுக்கும் ஜெர்கினுக்கும் நடுவுல சொருகுங்க. சிரிக்காதீங்க, ஐரோப்பால சைக்கிள் ரேஸ் ஓட்டுறவங்க மலை எறங்குறப்ப காலங்காலமா பண்றது தான் இது.

உள்ள காட்டன் பனியன் வேணாம், அது ஈரத்தை விடாது. டிரைஃபிட் டீசர்ட் (வேர்வை சீக்கிரம் காயுற துணி) இல்ல தெர்மல் (குளிருக்குப் போடுற உள்ளாடை) போதும், திருப்பூர் பக்கம் போனா காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்ல தேடிப் பாருங்க.

கைக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மத்ததெல்லாம் குளிர்னா கஷ்டம், கை மரத்துப்போனா ஆபத்து, கொண்டை ஊசி வளைவுல பிரேக் லீவரைப் புடிக்கிற வெரலே நம்ம பேச்சைக் கேக்காது. கம்பளி கிளவுஸ் நடந்து போறதுக்குத்தான் லாயக்கு. மெடிக்கல்ல விக்கிற மெல்லிசு சர்ஜிக்கல் கிளவுஸை முதல்ல போட்டு அதுக்கு மேல உங்க கிளவுஸைப் போடுங்க, உள்ள கொஞ்சம் வேர்க்கும் ஆனா காத்து சுத்தமா நிக்கும். மணிக்கட்டுல ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவுல ஒரு வெரக்கடை இடைவெளி விட்டா போதும், அது வழியா முழங்கை வரைக்கும் சில்லுனு ஏறிடும், அதனால கிளவுஸ் வாயை ஜாக்கெட் கைக்குள்ள நல்லா அடக்குங்க. ரொம்ப டைட்டான கிளவுஸும் வேணாம், ரத்த ஓட்டம் நின்னா இன்னும் சீக்கிரம் மரக்கும். ஷூவுக்கும் அதே கதைதான், ரெண்டு சாக்ஸ் போட்டு காலைத் திணிக்கிறதுக்குப் பதிலா ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போதும். சிலர் சாக்ஸுக்கு மேல பிளாஸ்டிக் கவர் சுத்தச் சொல்வாங்க, ஐடியா நல்லாத்தான் இருக்கு, ஆனா நீலகிரியில பிளாஸ்டிக் தடை இருக்கு, செக்போஸ்ட்ல பைய நோண்டுவாங்க. நீலகிரிக்குள்ள வண்டி நுழைய ஆன்லைன்ல எடுக்குற இ-பாஸும் மறக்காம எடுத்துக்குங்க.

மங்கி குல்லா போட்டு அதுக்கு மேல ஹெல்மெட்டை அமுக்குனா ஹெல்மெட் சரியா உக்காராது, மெல்லிசு பாலகிளாவா (தலை, முகம் மூடுற துணி உறை) வாங்குங்க, கழுத்தும் சேந்து மூடும். மப்ளர் போட்டா நுனியை உள்ள சொருகிருங்க, பின்னாடி பறக்க விட்டா செயின்ல மாட்டும், பின்னாடி உக்காந்திருக்குறவங்க துப்பட்டாவும் அப்படித்தான். வைசர்ல மூச்சு படிஞ்சா ஒரு கிளிக் தொறந்து வைங்க, இல்ல பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு உள்பக்கம் தடவி காஞ்ச துணில பளிச்சுனு தொடைச்சா கொஞ்ச நேரம் தாங்கும்.

பின்னாடி இருக்குறவங்களை அப்பப்ப பேச்சுக் குடுங்க. ஓட்டுறவனாவது கியரு கிளட்சுனு அசைஞ்சுக்கிட்டே இருப்பான், அவங்க சும்மா உக்காந்தே விறைச்சிருப்பாங்க, சொல்லவும் மாட்டாங்க. பேச்சு குழறுது, ஜிப்பைக் கூட போட முடியலன்னா உடனே ஓரங்கட்டி ஏதாவது கடைக்குள்ள கூட்டிட்டுப் போய் ஈரத்துணியை மாத்தி சூடா டீயும் வர்க்கியும் வாங்கிக் குடுங்க. வெடவெடன்னு நடுங்கிட்டு இருந்தவங்க சூடேறாமலே நடுக்கம் நின்னு அசந்துபோனா அது நல்லதில்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. குளிருக்கு ஒரு பெக் போட்டா சரியாகும்னு ஒருத்தன் கூட்டத்துல கண்டிப்பா சொல்வான், சரக்கு தோலுக்கு ரத்தத்தைக் கொண்டு வந்து உள்சூட்டை வெளிய விட்டுரும், சூடா இருக்குற மாதிரி தோணுறது சும்மா. வண்டி ஓட்டுறப்ப அது தப்புங்கிறது தனி.

எறங்குறப்ப காலைல ஆறு மணிக்கே கெளம்பணும்னு அடம் புடிக்காதீங்க. உறைபனி விழுந்த அன்னிக்கு சீட்டு மேல உப்பு தூவுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும், அப்படியே உக்காந்தா ரெண்டு நிமிசத்துல உருகி பேன்ட் நனைஞ்சிரும், காஞ்ச துணில தொடைச்சுட்டு உக்காருங்க. கண்ணாடில வெந்நீர் ஊத்தாதீங்க, விரிசல் விடலாம். எட்டு மணி வாக்குல வெயில் வந்தப்புறம் எறங்கினாலும் நிழல் விழுற வளைவுல ரோடு ஈரமாவே இருக்கும், டயரும் ஆறிப்போயிருக்கும், முதல் கொஞ்ச தூரம் செகண்ட் கியர்லயே உருட்டுங்க. நனைஞ்ச கிளவுஸை சைலன்சர் மேல வச்சு காய வைக்காதீங்க, உள் லைனிங் சுருங்கி அடுத்த தடவ கையே நுழையாது.